எழுதிக் கொடுப்பவர்

(2025 ஏப்ரல் 27, ஞாயிறு மாலை, கருமத்தம்பட்டியில் வாசகர் சந்திப்பு ஒன்றில் ஓய்வு பெற்ற ஆவண எழுத்தர் ஒருவர் பேசியதன் அச்சு வடிவம்)



நோட்டீசில் ‘பல நாடுகளில் திருநர்களுக்குக் கிடைத்த சட்ட அங்கீகாரம்’ என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே என் பெயரையும் போட்டுவிட்டீர்கள். பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நான் வக்கீல் இல்லை, வாத்தியார் இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதினவன். அந்தப் பக்கம் அவிநாசி, இந்தப் பக்கம் சூலூர், நடுவில் நம்ம நால்ரோடு. நான் சுற்றின உலகம் அவ்வளவுதான். ஆனாலும் கூப்பிட்டதும் ஒத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் கிடக்கிறது. அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

பத்திரம் எப்படித் தொடங்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, கோயம்புத்தூர் மாவட்டம், இன்ன ஊர், இன்ன கதவு எண்ணில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார். பெண்ணாக இருந்தால் இன்னார் குமாரத்தி, கல்யாணமானவராக இருந்தால் இன்னார் மனைவி. ‘எழுதி வாங்குபவர்’, ‘எழுதிக் கொடுப்பவர்’ என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் வரியிலேயே ஆளை இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு மூடிவிடுவோம். கை தானாக எழுதும், யோசனையே வராது.

2003, ஆவணி மாதம். ஆடி முடிந்ததும் பத்திரக் கூட்டம் அலைமோதும். மூன்று சென்ட் மனை ஒன்று கிரயம். வாங்க வந்தவர் ஒரு திருநங்கை. ‘திருநங்கை’ என்ற சொல் அன்றைக்கு எங்கள் யார் வாயிலும் இல்லை. என்ன சொல் இருந்தது என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். கல்யாண வீடுகளில் சமையல் வேலை பார்த்துச் சேர்த்த பணம். மஞ்சப் பையில் ஐம்பதும் நூறுமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் “வாங்க அம்மிணி, உக்காருங்க” என்றுதான் சொன்னேன். நம்ம நாக்கு அப்படி, மரியாதையை அது கேட்டுக்கொண்டு வருவதில்லை. அப்புறம் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஆண் பெயர். எழுதினேன்: இன்னார் குமாரர்.

படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். “ஏனுங்ணா, இந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துப்போட்டு எழுத முடியாதுங்களா?”

“கார்டுல இருக்கறதத்தான் எழுத முடியும் அம்மிணி. சட்டமுங்க.”

மேற்கொண்டு அவர் பேசவில்லை. உள்ளே அந்த ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். சேலை கட்டியவர் எழுந்து போனார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைத்துவிட்டு, போகும்போது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வாயில் அம்மிணி, பேனாவில் குமாரர். இரண்டும் ஒரே ஆள் செய்த வேலை.

அப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் போய் நின்ற இடம் கோர்ட் தீர்ப்பு எதுவும் இல்லை, பழைய இலக்கணப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்த கடைசித் தலைமுறை நாங்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். ஆண்மை திரிந்தவரைச் சொல்லும் பெயரும், தெய்வத்தைச் சொல்லும் பெயரும், இரண்டும் ஒரே நூற்பாவில் வருகின்றன. இரண்டுக்கும் தனி விகுதி கிடையாது. உயர்திணையில் இருக்கிற விகுதியையே எடுத்துக்கொண்டு வரும் என்கிறார். உயர்திணை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நம்ம ஆள். பெருந்துறைப் பக்கம் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்வோம். அவர் இன்னும் ஒரு படி போகிறார். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலில் சொல், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலில் சொல் என்பது அவருடைய விதி. அவா என்றால் விருப்பம். உடம்பைச் சோதித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை, ஆள் எதை விரும்புகிறாரோ அதுவே விகுதி. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதே நூற்பாவின் வாலில், இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குவது புது வழக்கமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் தமிழ்நாட்டில் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும், 1920இல் கள்ளர் மக்களைச் சுட்டுக் கொன்ற ஊர். ஆனால் அந்தச் சட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது. வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் பக்கம் ஹிஜ்ரா என்று அழைக்கப்பட்ட திருநங்கைகளைக் குறிவைத்தது அது. பெயர்ப் பதிவேடு ஒன்று வைத்து அதில் அவர்களை எழுத வேண்டும். அப்படிப் பதிவானவர் பெண் உடையில் தெருவில் நின்றாலோ ஆடினாலோ வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், இரண்டு வருஷம் வரை சிறை. பத்திர எழுத்தனாக என்னை உறுத்தியது 29ஆம் பிரிவு. பதிவானவர் மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கக் கூடாது, தானம் எழுதக் கூடாது, உயில் எழுதக் கூடாது, பிள்ளை தத்தெடுக்கக் கூடாது. அடித்து விரட்டும் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது ஆள் செத்த பிறகு அவர் பேச்சு நிற்கக் கூடாது என்று எழுதின சட்டம். 1911இல் அந்தப் பாகத்தை எடுத்தார்கள்.

அரசாங்கம் ஒருவரைப் பதிவேட்டில் எழுதுவதெல்லாம் அங்கீகாரம் ஆகிவிடாது என்பதை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். எழுதுவது யார், என்னத்துக்காக எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இனி மற்ற நாடுகள். ஒன்றுவிடாமல் சொல்லப் போவதில்லை. எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் என் தொழில் புத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: இதில் எழுதிக் கொடுப்பவர் யார்? டாக்டரா, நீதிபதியா, மதகுருவா, அந்த ஆளேவா?

முதலில் சட்டம் போட்டது ஸ்வீடன், 1972இல். ஆகா என்று நினைப்போம். ஆனால் காகிதத்தில் பாலை மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை பெறும் சக்தியை அறுத்துக்கொண்டு வர வேண்டும் என்று நிபந்தனை. 2013 வரை அது இருந்தது. 2018இல் அந்த அரசாங்கமே தப்பை ஒத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 2,25,000 குரோனர் இழப்பீடு கொடுக்கச் சட்டம் போட்டது. ஜப்பான் 2003இல் சட்டம் போட்டது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, மைனர் பிள்ளை இருக்கக் கூடாது, பிள்ளை பெறும் சக்தி இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். இருபது வருஷம் ஆயிற்று. நம்மவர்கள் நிறையப் பேர் பிழைக்கப் போன சிங்கப்பூரிலும் 1973 முதல் அறுவை செய்துகொண்டவர் அடையாள அட்டையை மாற்றிக்கொள்ளலாம், 1996 முதல் கல்யாணமும் பதியலாம். அங்கேயும் கத்திதான் சாட்சி.

ஈரான் வேறு தினுசு. மரியம் கதூன் மொல்காரா என்ற திருநங்கை நேராக ஆயத்துல்லா கொமேனியின் வீட்டுக்கே போய் நின்றார். 1980களில் அவருக்குக் கொமேனியிடமிருந்து ஃபத்வா கிடைத்தது. அறுவை சிகிச்சை மார்க்கத்துக்கு விரோதமில்லை என்று அங்கே அனுமதி உண்டு, அரசாங்கம் செலவில் ஒரு பங்கும் கொடுக்கிறது. அதே நாட்டில் ஆணும் ஆணும் உறவுகொண்டால் மரண தண்டனை. ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவில் பூட்டுப் போட்டால், திறந்த கதவு வழியாக எல்லோரும் இஷ்டப்பட்டுத்தான் போகிறார்களா என்று எப்படிச் சொல்வது?

ஆளே எழுதிக் கொடுக்கலாம் என்று முதலில் துணிந்த நாடு அர்ஜென்டினா. 2012 மே மாதம் சட்டம் போட்டார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம், நீதிபதி உத்தரவு வேண்டாம், கத்தி வேண்டாம். நான் இன்னார் என்று விண்ணப்பம் கொடுத்தால் போதும். அதன் பின்னால் 2014இல் டென்மார்க், 2015இல் மால்டாவும் அயர்லாந்தும், போன நவம்பர் 1 முதல் ஜெர்மனி. உலகம் தலைகீழாகிவிடும் என்று அர்ஜென்டினாவிலும் சொன்னார்கள். பதிமூன்று வருஷம் ஆகிறது, அங்கே பால்காரர் பால் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் அண்டை வீடுகளைப் பாருங்கள். நேபாளத்தில் சுனில் பாபு பந்த் தொடுத்த வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலை ஏற்றது. நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல் முந்தி. வங்காளதேசம் ஹிஜ்ராக்களைத் தனிப் பாலாக ஏற்று 2014 தொடக்கத்தில் அரசிதழில் போட்டது. ஆனால் அரசு வேலைக்கு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உடம்பைச் சோதித்து, நீ ஹிஜ்ராவே இல்லை என்று திருப்பி அனுப்பிய அவமானமும் அங்கேதான் நடந்தது. இலங்கையில் 2016 சுகாதார அமைச்சகச் சுற்றறிக்கைப்படி மனநல மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் பிறப்புச் சான்றில் பாலை மாற்றலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அதுதான் வழி. எழுதிக் கொடுப்பவர் அங்கே மனநல மருத்துவர்.

இப்போது, இந்த மாதக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல் 15 நம் தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். 2008இல் அதே தேதியில்தான் கலைஞர் ஆட்சியில் திருநங்கைகள் நல வாரியம் அமைக்க ஆணை வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. ஆறு வருஷம் கழித்து, தேதி மாறாமல் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த, ‘நால்சா’ என்று சொல்கிற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்த வருஷம் அதற்கு முந்தின நாள், 14ஆம் தேதி, ஹங்கேரி நாடாளுமன்றம் ‘மனிதர் ஆண் அல்லது பெண்’ என்று அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டது. அந்த நாட்டில் 2020இலேயே காகிதத்தில் பாலை மாற்றத் தடை போட்டாயிற்று. திருநங்கையர் தினத்துக்கு அடுத்த நாள், 16ஆம் தேதி, பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரே குரலில், 2010 சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்பால் பெண் மட்டும்தான், அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்கும் திருநங்கை அதில் சேர மாட்டார் என்று சொன்னார்கள். திருநர் என்பதற்காக யாரும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு தொடர்கிறது என்றும் சொன்னார்கள், அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே போட்ட உத்தரவும் இதே வகை: பால் இரண்டே, மாற்ற முடியாது.

பிரிட்டனின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அது எங்கள் தொழிலுக்குக் கிட்ட வருகிறது. 1970இல் ஏப்ரல் ஆஷ்லி என்ற திருநங்கையின் கல்யாண வழக்கில், பிறந்தபோது உடம்பு எதுவோ அதுவே சட்டத்தில் பால் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்ன ஆர்ம்ராட் நீதிபதி டாக்டர் படிப்பும் படித்தவர்! முப்பது வருஷத்துக்கு மேல் பல நாடுகளில் அதைத்தான் காட்டினார்கள். 2002இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்டு வைத்தது. 2004இல் சட்டம் போட்டுச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சான்றிதழின் வீச்சைத்தான் இப்போது குறைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒருவர் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து மனசு மாறி, வாங்கினவருக்குத் தெரியாமல் ரத்துப் பத்திரம் போட வருவார். ஒரு காலத்தில் அதையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, அப்படி ஒருதலைப்பட்சமாக ரத்து செய்ய முடியாது என்று அடித்துச் சொன்னது. மூன்று சென்ட் மனைக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு மனிதருடைய அடையாளத்துக்கு எந்த நாட்டிலும் இன்னும் உறுதியாக வரவில்லை. அரசாங்கம் எழுதிக் கொடுக்கும், அரசாங்கமே ரத்து செய்யும், எழுதி வாங்கினவர் வாசலில் நிற்பார்.

இந்தியாவுக்கு வருகிறேன். நால்சா தீர்ப்பு எழுதியவர்கள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி என்ற இரு நீதிபதிகள். ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்று முடிவு செய்வது அந்த ஆளின் உரிமை, அறுவை செய்துகொண்டு வா என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றார்கள். பவணந்தியின் அவா சுற்றிக்கொண்டு டில்லிக்குப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் நிலைமை என்ன? மத்தியப் பிரதேசத்தில் கட்னி நகர மேயராகக் கமலா ஜான் 2000இல் ஜெயித்தார். பெண்களுக்கு ஒதுக்கின இடம். நீ ஆண்தான் என்று கோர்ட் சொல்லிப் பதவியைப் பறித்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டது அவருக்குத்தான், அதில் ஆள் மாறாட்டம் எதுவும் இல்லை.

நால்சா வந்த இரண்டாம் நாள், 2014 ஏப்ரல் 17, சென்னை உயர் நீதிமன்றத்தில் நாகமுத்து நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். நம் கரூர் சம்பந்தப்பட்டது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்து, பெண் காவலராகத் தேர்வானவர். மருத்துவச் சோதனையில் ‘இவர் பெண் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள், வேலை போயிற்று. தீர்ப்பில் நங்கை என்ற பெயர் இருக்கிறது. தான் பெண் என்று அவர் சொன்னால் பெண்தான் என்று வேலையைத் திருப்பிக் கொடுத்தார் நீதிபதி. அடுத்த வருஷம் சேலத்துப் பிரித்திகா யாஷினி. சப் இன்ஸ்பெக்டர் விண்ணப்பத்தில் அவருக்கென்று கட்டம் இல்லை, அதனாலேயே தள்ளிவிட்டார்கள். கட்டம் கட்டமாக வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு, 2017இல் தர்மபுரியில் சப் இன்ஸ்பெக்டர். கரூர், சேலம் இரண்டுமே நமக்குப் பக்கத்து ஊர்கள். ‘உணர்வும் உருவமும்’ எழுதிய ரேவதி நாமக்கல் மாவட்டத்துக்காரர், கல்கி சுப்ரமணியம் பொள்ளாச்சி. இந்த விஷயம் எங்கேயோ கூவாகத்தில் நடக்கிறது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கொண்டாடுகிற அரவான் பண்டிகைகூட நமக்குச் சிங்காநல்லூரிலும் குறிச்சியிலும் இருக்கிறதுதானே?

2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயிலில் ஒரு கல்யாணம். மணமகள் திருநங்கை. பதிவு செய்ய மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் ஜி.ஆர். சுவாமிநாதன் நீதிபதி, இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். பால் தெளிவில்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அவசர அறுவை செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். தமிழ்நாடு அரசு அந்த வருஷமே அந்த அறுவைக்குத் தடை போட்டு ஆணையிட்டது.

சட்டமன்றம் நாடாளுமன்றம் பக்கம் என்ன ஆயிற்று? நம் திருச்சி சிவா தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்து வருஷங்களில் அந்த அவையில் தனிநபர் மசோதா ஒன்று நிறைவேறியது அதுதான் முதல் தடவை. மக்களவையில் அது கரையேறவில்லை. அரசாங்கம் தானே ஒரு மசோதா கொண்டுவந்தது. அதில் ‘முழுக்க ஆணுமில்லாத முழுக்கப் பெண்ணுமில்லாத’ என்கிற மாதிரி விளக்கம், பிறகு சோதனைக் கமிட்டி, பிச்சைக்குத் தண்டனை என்றெல்லாம் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு கழன்று, கடைசியில் வந்தது 2019 சட்டம். 2020 ஜனவரி 10 முதல் அமல். சட்டம் வந்தபோது இருந்தபடி, கலெக்டரிடம் விண்ணப்பித்தால் ‘திருநர்’ என்று சான்றிதழ் கிடைக்கும், மருத்துவச் சோதனை இல்லை. அதுவரை நல்லது. ஆனால் ‘பெண்’ என்றோ ‘ஆண்’ என்றோ எழுத வேண்டுமானால் அறுவை செய்த ஆஸ்பத்திரியின் சான்று கொண்டுவர வேண்டும். சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கத்தி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

2011 சென்செஸில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று எண்ணப்பட்டவர்கள் நாடு முழுக்க 4,87,803 பேர். போன வருஷ மக்களவைத் தேர்தலில் மூன்றாம் பாலினம் என்று வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 48,000. அந்த நாலு லட்சத்துச் சொச்சத்தில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. மீதிப் பேரில் நிறையப் பேர் ஆண் பெயரிலோ பெண் பெயரிலோ ஓட்டுப் போட்டிருப்பார்கள், நிறையப் பேர் போட்டிருக்கவே மாட்டார்கள். சான்றிதழுக்கு வழி திறந்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டேன். சொத்து. மேடைகளில் இதை யாரும் பேசுவதில்லை.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உயில் எழுதாமல் செத்துப்போன ஆணின் சொத்துக்கு 8ஆம் பிரிவு, பெண்ணின் சொத்துக்கு 15ஆம் பிரிவு. கல்யாணமாகாத ஆண் போனால், தாய் இருக்கும் வரை முழுச் சொத்தும் தாய்க்கு. தகப்பன் இரண்டாம் வகுப்பு வாரிசு. கல்யாணமாகாத பெண் சுயமாகச் சம்பாதித்தது தாய்க்கும் தகப்பனுக்கும் சரிபாதி. அப்படியென்றால் ஒரு திருநங்கை செத்துப்போனால் தகப்பனுக்குப் பாதி உண்டா இல்லையா என்பது, அவர் குமாரரா குமாரத்தியா என்பதில் போய் நிற்கிறது. ‘திருநர்’ என்ற சான்றிதழ் கையில் இருந்தால் எந்தப் பிரிவு? 2019 சட்டம் இதைத் தொடவே இல்லை. உத்தரப் பிரதேசம் 2020இல் விவசாய நில வாரிசு விதியில் மூன்றாம் பாலைச் சேர்த்தது. பாகிஸ்தான் 2018இல் போட்ட சட்டத்தில் வாரிசுப் பங்குக்கே தனிப் பிரிவு இருந்தது: அடையாள அட்டையில் ஆண் என்றால் ஆண் பங்கு, பெண் என்றால் பெண் பங்கு. 2023 மே மாதம் அங்கே ஷரியத் நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது.

எந்தப் பிரிவில் போனாலும் சொத்து போய்ச் சேர்வது எங்கே? பதினாறு வயதில் அடித்து வெளியே தள்ளின வீட்டுக்கு. திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தில் சேர்ந்து, குரு என்று ஒருவர் ஏற்று, சேலாவாக, மகளாக இருபது முப்பது வருஷம் ஒன்றாக உண்டு உறங்கி, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் வாரிசுச் சான்றிதழில் வர மாட்டார். திருநர்களுக்கென்றே போட்ட 2019 சட்டத்திலேயே குடும்பம் என்றால் ரத்தம், கல்யாணம், சட்டப்படியான தத்து, இந்த மூன்றும்தான். அவர்களுக்கென்று இருக்கிற ஒரே குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு வரையறை. இதை எழுதின அதிகாரி ஒரு நாள் ஒரு ஜமாத் வீட்டில் போய்ச் சாப்பிட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

2003இல் வந்தவர் 2022இல் திரும்பி வந்தார். நான் ஓய்வு பெறும் வருஷம். தலை நரைத்திருந்தது, சேலைக்கட்டு மாறவில்லை. கலெக்டர் கொடுத்த சான்றிதழ், புதுப் பெயர் போட்ட ஆதார், பெயர் மாற்ற அரசிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில். “ஏனுங்ணா, அந்த வார்த்தைய இப்ப மாத்தலாமுங்களா?”

பிழைத்திருத்தல் பத்திரம் போடலாமா என்று பார்த்தேன். அதற்கு அன்றைக்கு எழுதிக் கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாரிசுகள் நாலு பேர், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. அப்போதுதான், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, 1908 பதிவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவை நிதானமாகப் படித்தேன். ஆளை எப்படி அடையாளம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இருப்பிடம், தொழில், பட்டம் இருந்தால் அது, தகப்பன் பெயர். தாயின் பெயரால் அறியப்பட்டவரென்றால் தாய் பெயர். அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. ‘த/பெ’ என்று இரண்டெழுத்தில் முடித்திருக்கலாம். ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் பள்ளிக்கூடத்து டி.சி. வரைக்கும் அப்படித்தானே எழுதுகிறோம்! ‘சட்டமுங்க’ என்று நான் சொன்னது சட்டம் இல்லை, என் பேனாவின் பழக்கம்.

அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “செரி உடுங்கண்ணா. உயில் எழுதோணும், அத எழுதுங்க” என்றார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி போதும். நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதுகிறேன் என்று அவரே சொல்வதை எழுதுவோம், டாக்டர் சீட்டு கட்டாயமில்லை. தன் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சட்டம் அங்கே அவர் வாயை நம்புகிறது. மூன்று சென்ட் மனையும், அதில் கட்டின ஓட்டு வீடும், சமையல் பாத்திரங்களும் தன் சேலாவுக்கு. பாத்திரங்களை அண்டா, கரண்டி, ஜாரணி என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். சேலாவை என்ன முறை என்று எழுத என்று கேட்டேன். “மகள்னு எழுதுங்க.” எழுதினேன். முதல் வரியில் புதுப் பெயர், த/பெ, ஊர். ஆள் ஒன்றுதான் என்று தெரிய, முன்பு இன்ன பெயரில் அறியப்பட்டவர் என்று ஒரு வாசகம். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். எங்கேயும் நிற்கவில்லை.

பதிவும் செய்தோம். பதிவு ஆபீசில் சொத்துப் பத்திரங்கள் ஏறுவது 1ஆம் புத்தகத்தில். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். அந்த 2003 பத்திரத்தை இன்றைக்கு நீங்கள் கேட்டாலும் கொடுப்பார்கள், முதல் வரியில் ‘குமாரர்’ இருக்கும். உயில்கள் ஏறுவது 3ஆம் புத்தகத்தில். எழுதினவர் உயிரோடு இருக்கும் வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் அதன் நகல் கிடையாது. ‘மகள்’ அதில் இருக்கிறது.